அட்டையில் சிரிக்கும் ஏழு பேர்

ஜூன் 3

விண்வெளிப் பயண வரலாறு பற்றி மேசை நிறையப் புத்தகங்கள். படித்துப் படித்துக் குமட்டுகிறது. எல்லாவற்றிலும் அதே மூன்று படம், அதே மெய்சிலிர்ப்பு. மேலே போனவர்களில் பாதிப்பேர் முதல் சில நாட்கள் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்திருக்கிறார்கள். புத்தகங்களில் அது ‘சிறு அசௌகரியம்’. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே வாந்தியெடுத்திருக்கிறார். அதில் மட்டும் யாருக்கும் அசௌகரியமே இல்லை.

என் புத்தகம் அப்படி இருக்காது. அக்கா புருஷனின் பதிப்பகத்துக்கு இத்தனை வருடம் எழுதியதெல்லாம் ‘ஆசிரியர் குழு’ என்றுதான் வந்தது. அந்தக் குழுவே நான் ஒருத்திதான். இந்த முறை அட்டையில் என் பெயர் வரும் என்று அத்தான் அக்காவை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

ஜூன் 11

ஒன்பதாவது அத்தியாயம் முடிந்தது. திரும்பி வராதவர்களைப் பற்றியது. புறப்பட்ட சற்று நேரத்தில் சிதறிப்போன விண்வெளி ஓடம், அதிலிருந்த ஏழு பேர். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை; மேலேயிருந்து பாடம் நடத்துவதாக இருந்தார். வகுப்பறைகளில் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் புறப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு பேரும் சிரிக்கும் படத்தை அந்த அத்தியாயத்துக்காக ஆபீஸ் கணினியில் ஏற்றினேன். நான் எழுதியதிலேயே உருப்படியானது இதுதான் என்று தோன்றுகிறது.

ஜூன் 19

அத்தான் என் புத்தகத்திலிருந்து வாந்தியைத் தூக்கினார். விண்கலத்துக் கழிப்பறையைத் தூக்கினார். இன்று ஒன்பதாவது அத்தியாயத்தையே தூக்கிவிட்டார்.

“ஸ்கூல் லைப்ரரிக்குப் போற புக்கும்மா. சாவு கீவுன்னு இருந்தா எவன் வாங்குவான்? பிள்ளைங்க பயந்துடும்.”

அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய, அவரே போட்ட சிறுவர் பேய்க்கதை வரிசை!

கத்தினேன். அவர் சிரித்தார். “உனக்கு அட்டையில பேரு வேணுமா, அந்தச் சாப்டர் வேணுமா?”

சாப்டர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். த்தூ. என்னைச் சொல்கிறேன்.

ஜூன் 20

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 2

அட்டை அச்சாகி வந்துவிட்டது. கட்டைப் பிரித்தேன்.

அத்தியாயத்தை எடுத்தவர்கள் அதன் படத்தைக் கணினியிலிருந்து எடுக்கவில்லை. அட்டை போடுகிற வடிவமைப்பாளர் — ஆபீஸில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் — இருந்த படங்களில் நல்ல சிரிப்பாகப் பார்த்து எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஏழு பேர்! தலைக்கு மேலே தங்க எழுத்தில் அத்தான் வைத்த தலைப்பு: ‘விண்ணை வென்று திரும்பியவர்கள்’. காலடியில் என் பெயர்.

திரும்பியவர்களாம். எங்கே திரும்பினாங்க? யாரு திரும்பினாங்க?

“இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றேன்.

“தெரியாது மேடம். ஆனா முகத்துல எவ்வளவு சந்தோஷம் பாருங்க,” என்றார் ஒட்டடைக்குச்சி. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய அத்தியாயம் அவர் கண்ணிலேயே படவில்லை.

அத்தானுக்குத்தான் நான் சொன்னது புரிந்தது. ஒரு நிமிடம் படத்தையே பார்த்தார். பிறகு, “மொத்த அட்டையும் அடிச்சாச்சு. செத்தவங்கன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு? நீ சொன்னாத்தானே தெரியும்,” என்றார். இந்த மனுஷனோடு எப்படித்தான் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேனோ!

ஜூலை 3

அக்காவுக்கு போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். அந்த ஆசிரியையைப் பற்றியும் சொன்னேன். அவளும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, உறைக்கும் என்று நினைத்தேன்.

“பாவம்டி, நல்லா இருந்திருக்க வேண்டியவங்க,” என்றாள். உடனேயே, “ஆனா நீ இப்ப வாயை மூடிட்டு இரு. உன் பேரு வர்ற நேரத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்காத. எனக்கும் பார்க்கணும்னு ஆசை இருக்காதா?”

எனக்கும் ஆசைதான். அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 5

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கெஞ்சுவார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல. ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டு, “மேடம் பேரு மேல ‘ஆசிரியர் குழு’ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுப்பா,” என்றார். அவ்வளவுதான்.

“அந்த ஸ்டிக்கரைத் தலைப்பு மேல ஒட்டக்கூடாதா?”

“தங்க எழுத்தும்மா அது!”

ஜூலை 9

ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் கட்டைவிரலால் என் பெயரை அழுத்தித் தேய்க்கிறார்கள். பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 24

சாயங்காலம் அக்கா வந்தாள். பள்ளியிலிருந்து நேராக. தோள்பையைக்கூட இறக்கவில்லை.

புத்தகம் முதலில் போனது அவள் பள்ளிக்குத்தான். இன்று வகுப்பில் அட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

“இதுல ஒருத்தங்க என்னை மாதிரி டீச்சர்னு சொல்லிட்டேன்டி. பெருமையில வாய்ல வந்துடுச்சு. உடனே ஒரு பொண்ணு எழுந்து, ‘அவங்க திரும்பி வந்து கிளாஸ்ல என்ன சொன்னாங்க, மிஸ்?’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

அவள் சுவரைப் பார்த்தாள்.

“நிறையச் சொன்னாங்கன்னு சொன்னேன். பிள்ளைங்க எல்லாம் கை தட்டிச்சு.”

எனக்குத் திட்ட வேண்டும் என்றிருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“அந்த ஒன்பதாவது சாப்டரை எடு,” என்றாள்.

அச்செடுத்து வைத்திருந்த தாள்களைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “உன் பேரு எங்க?” என்றாள். போடவில்லை என்றேன். பையிலிருந்து பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து, தலைப்புக்குக் கீழே என் பெயரை அவளே எழுதினாள். முழுப் பெயரும், தலைப்பெழுத்தோடு.

“அத்தான் சும்மா விடுவாரா?” என்றேன்.

“அவரு என் கிளாஸ்ல இல்ல,” என்று தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாளைக்கு முதல் பீரியடே அவளுக்கு அந்த வகுப்புதான்.