மழை விடும்வரை காத்திருந்த வேட்டைக்காரி

என் தம்பியைக் கட்டி எங்கள் குடும்பத்துக்கு வந்து, எனக்கென்றே வந்தவள் போல் ஆகிவிட்ட வதனி மச்சாள்,

நீர் போன பிறகு வந்த முதல் இலையுதிர்காலம் இது. ரூஜ் காட்டோரம் உங்கள் வீட்டுப் பின்வளவுக்கு மான்கள் இன்னமும் வருகின்றன. தம்பி சுதன் இந்தமுறை பயிற்றங்காய் ஒன்றும் போடவில்லை. ஆனாலும் அவை வந்து, வெறும் நிலத்தை மணந்து பார்த்துவிட்டுப் போகின்றனவாம். இதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

எல்லாம் அந்தப் பயிற்றங்காய்ப் பந்தலில்தானே தொடங்கியது. ஒருநாள் காலை பந்தல் முழுக்க மொட்டை. கத்தப்போகிறீர் என்று நாங்கள் பார்த்திருக்க, நீர் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் நின்று, ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டிருந்த மானையே பார்த்தீர். “என்ன வடிவான உடம்பு பாரும் மச்சாள். இதை எப்பிடி வேட்டையாடுறது எண்டு படிக்கப் போறன்.”

சுதன் சிரித்தான். “கடையிலை ஆட்டிறைச்சி இல்லையே?”

“இருக்கு. ஆனா அதைக் கொன்றது ஆர், எப்பிடிக் கொன்றது எண்டு எனக்குத் தெரியாதே.”

 

பள்ளிக்கூட பஸ் ஓட்டிய நீர், காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் நடுவே வெறும் பஸ்ஸில் இருந்து வேட்டைப் பாடம் படித்தீர். சோதனையில் பாஸ் பண்ணினீர். உமக்குத் துணையாக வந்த என்னையும் அடுத்த வகுப்பில் சேர்த்துவிட்டீர். துவக்கு வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தீர். “அந்தச் சத்தம் நாங்கள் ஊரிலை கேட்டது காணும்” என்றீர். அதனால்தான் துவக்கைப் போலத் தோளில் வைத்து அம்பு விடும் குறொஸ்போவை எடுத்தோம்.

கடைக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? விற்பனைப் பெடியன் இலை போட்ட உடுப்பும், மான் போலக் கத்தும் குழலும், மணம் போக்கும் புட்டிகளுமாக மேசையை நிரப்பினான். நீர் எல்லாவற்றையும் மெதுவாக ஒதுக்கிவிட்டு, தண்ணீர் புகாத சப்பாத்து வாங்கினீர். தடித்த கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டுமென்று ஒரு அளவு பெரிதாக எடுத்தீர். பிறகு மரத்தில் ஏறி இருக்கும்போது உடம்பைக் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டி. “கால் விறைச்சா வீட்டை வரலாம். மரத்தாலை விழுந்தா வீட்டை வரேலாது.” அவ்வளவுதான் உம்முடைய விளக்கம். அந்தப் பெடியனே தலையாட்டினான்.

இப்போது என்னிடம் கேட்கிறார்கள், மச்சாள். ‘பொம்பிளையள் மான் வேட்டைக்குப் போகினமோ’ என்று அன்று வாய் பொத்திச் சிரித்தவர்களில் இரண்டு பேர் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விருந்தில் என்னைப் பிடித்து, என்ன வாங்கவேண்டும், எங்கே தொடங்கவேண்டும் என்று கேட்டார்கள். என் வாயால் நீர்தான் பேசினீர். முதலில் சப்பாத்து, கடைசியில்தான் வில். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் குளிர் ஏறும். வேட்டை உடுப்பைக் குசினிப் பக்கம் வைக்கவே கூடாது. நீர் உம்முடைய ஜக்கெற்றை மூடி போட்ட பெட்டியில் கராஜுக்குள் வைத்தீர். “மான் நிறத்தைப் பெரிசாப் பாக்காது. ஆனா மிளகாய் பொரிச்ச மணம் அடிச்சுதெண்டா அடுத்த ஊருக்கு ஓடீடும்.” இதைச் சொன்னதும் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர்களுக்கு நான் சொல்லி முடிக்க முடியாமல் போனது அந்த ஐப்பசி நாளைப் பற்றித்தான்.

பீற்றர்பரோவுக்கு அங்கால் உள்ள பண்ணைகளில் நீர் ஒவ்வொரு வாசலாகத் தட்டி அனுமதி கேட்டீர். எத்தனையோ பேர் மாட்டேன் என்றார்கள். தனியாக இருந்த ஒரு அம்மா மட்டும் தன் காட்டுத் துண்டைக் காட்டி, “வேலிக்கு அப்பால் மட்டும் போய்விடாதீர்கள், அந்தக் காணிக்காரன் பொல்லாதவன்” என்றார். அங்கே முதல் வருடம் முழுவதும் நீர் ஒரு அம்பும் விடவில்லை. தூரம் கூடிப்போச்சுது, கொப்பு மறைக்குது, முகத்தை நேரே காட்டிக்கொண்டு நிற்குது என்று ஒவ்வொரு தடவையும் வில்லைத் தாழ்த்தினீர்.

இரண்டாம் வருடம் அந்தக் காலையில் கொம்பன் மான் ஒன்று வந்தது. நான் பக்கத்து மரத்தில் இருந்தேன். பக்கம் காட்டி, அமைதியாக நின்றது. நீர் விசையை அழுத்திய அதே நொடியில் அது ஒரு அடி முன்னே வைத்துவிட்டது. துள்ளிப் பாய்ந்து தேவதாரு மரங்களுக்குள் மறைந்தது.

நீர் இறங்கிப் போய் அம்பை எடுத்துப் பார்த்தீர். இரத்தம் கடும் சிவப்பாக, கறுப்புக்குக் கிட்ட இருந்தது. நுரை இல்லை.

“பின்னுக்குப் பட்டிட்டுது மச்சாள். நெஞ்சிலை இல்லை, ஈரலிலை.” 

அப்போதுதான் மேற்கே வானம் இருண்டது. மழை வரப்போகிறது. “உடனை போவம், தண்ணி பட்டா இரத்தம் கழுவுப்பட்டுப் போயிடும்” என்று நான் அவசரப்படுத்தினேன்.

“இல்லை. இப்ப கலைச்சமெண்டால் ஓடி ஓடித்தான் சாகும். பிறகு எங்களுக்கும் கிடைக்காது. விட்டமெண்டால் கிட்டவே எங்கையும் படுக்கும். பொறும்.”

“மழையிலை தடம் அழிஞ்சா?”

“அழியட்டும். நான் தேடுறன்.”

அது நின்ற இடத்தில் செம்மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டினீர். கடைசியாக அதைக் கண்ட மரத்தில் இன்னொன்று. பிறகு இருவரும் காருக்குள் வந்து இருந்தோம். மழை கண்ணாடியில் கொட்டியது. நீர் சாப்பிடவும் இல்லை, தேத்தண்ணியைத் தொடவும் இல்லை. ஒரு தடவை மட்டும், “அதுக்கு நோகும் என்ன?” என்றீர். நான் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டேன். போய்ப் பார்க்கவேண்டும் என்று உம்முடைய உடம்பு முழுவதும் துடித்ததை அந்தக் கையில் உணர்ந்தேன். ஆனாலும் நீர் கதவைத் திறக்கவில்லை. ஓடிப்போய் எதையாவது செய்வது எவ்வளவு இலகு. அன்று நீர் செய்ததைப்போல ஒரு வேலையை நான் வேறெவரும் செய்து பார்த்ததில்லை.

மத்தியானம் தாண்டி மழை விட்டது. தடம் ஒன்றும் இல்லை. நாடா கட்டிய மரத்திலிருந்து நீர் குனிந்தபடி, ஒவ்வொரு இலையாகப் புரட்டி நடந்தீர். ஒரு விழுந்த மரத்தின் அடிப்பக்கம், மழை படாத இடத்தில், ஒரு துளி இரத்தம். அது காட்டிய திசையில் போனால், வேலி.

அந்தப் பொல்லாதவனின் வேலி. சுற்றிலும் ஆள் இல்லை. “தாண்டிப் போய்ப் பாப்பமே?” என்றேன். நீர் ஏற்கெனவே காரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தீர்.

சுற்றிப் போய் அவனுடைய வீட்டுக் கதவைத் தட்டினீர். திறந்த கிழவர் எங்கள் சேற்றுச் சப்பாத்துகளை மேலும் கீழும் பார்த்தார். நீர் உம்முடைய பஸ் ஓட்டும் குரலில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னீர்: “ஒரு மானுக்கு நான் அம்பைச் சரியாக விடவில்லை. அது உங்கள் காணிக்குள் வந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு எனக்குப் போக முடியாது.”

 “வில் காரிலேயே இருக்கட்டும்” என்றார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு தானும் வந்தார்.

வேலியிலிருந்து வெகு தூரம் இல்லை. நீர் சொன்னபடியே, ஓடாமல், சுருண்டு படுத்தபடியே முடிந்திருந்தது. நீர் முழங்காலில் இருந்து அதன் கழுத்தில் கையை வைத்தீர். அழுதீரா, கும்பிட்டீரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். “வேலிக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் கண்டிருக்கிறேன். கதவைத் தட்டியவர் நீங்கள்தான்” என்றார். தன் சின்ன ட்ரக்டரில் ஏற்றி வந்து எங்கள் காரடியில் இறக்கியும் விட்டார்.

சுதன் அன்று அந்த இறைச்சியைச் சாப்பிட்டான். பிறகு, “இதிலை ஒரு துண்டும் வீணாக்கக் கூடாது” என்றான். அவன் வாயில் உம்மை மெச்சி நான் கேட்ட மிகப் பெரிய வார்த்தை அது.

கணையத்தில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னபோதும் நீர் அப்படித்தான் இருந்தீர். “மறைக்காமல் சொல்லுங்கோ, நான் தாங்குவன்” என்று கேட்டீர். சொன்னதைக் கேட்டீர். தாங்கினீர். எங்களுக்குத்தான் கதவைத் திறந்து எங்கேயாவது ஓடவேண்டும் போல் இருந்தது.

இந்த ஐப்பசியில் சுதன் உம்முடைய வில்லை என் கையில் தந்தான். “வதனி இருந்தா இதைச் சும்மா வைக்க விடமாட்டாள்” என்றான். நான் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் அவனிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். பட்டியைக் கட்டி ஏறினேன். அம்பு போடாத வில்லைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தேன். காற்று என் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு கொம்பனும் வந்தது. நல்ல தூரம், நல்ல வெளிச்சம். ஆனால் அது நடந்துகொண்டே இருந்தது. நிற்கவேயில்லை. நான் விசையில் விரலை வைக்கவில்லை. அது போய் மறைந்த பிறகும் நெடுநேரம் என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு இறங்கினேன், மச்சாள். அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு நாளும் மரத்தால் இறங்கியதில்லை.

அடுத்த வருடமும் போவேன். ஒருநாள் நானும் அம்பு விடுவேன். அது பிசகவும் கூடும். அப்படிப் பிசகினால், மழை வந்தாலும், வேலி வந்தாலும், என் அம்பு போன இடம்வரைக்கும் நான் நடந்து போவேன். முடிவைக் கண்ணால் காணாமல் வீடு திரும்பமாட்டேன். இது உமக்குத் தரும் சத்தியம்.

உம்முடைய புருசனின் தமக்கை, உம்முடைய பக்கத்து மரத்தில் இருந்தவள்,
கலா மச்சாள்