புனித ஜார்ஜ் நாளின் பச்சை சாலட்

பெர்கோவிட்சா,
மே 8

அன்புள்ள கலினா அக்காவுக்கு,

நேற்று முன்தினம், புனித ஜார்ஜ் நாள் விருந்தில், நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: "ஊத்தாதீங்க நேனோ மாமா." தொலைபேசியில் இதைப் பேசினால் அடுத்த அறையில் அப்பாவுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வலென்சியாவில் பழப்பெட்டி தூக்க வேறு ஆளே இல்லையா? இங்கே மழை நின்றுவிட்டது. நூலகத்தில் என் வேலையை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வந்து அன்றோடு நாற்பத்து மூன்று நாள். ஒரு சொட்டுச் சாராயம்கூடத் தொடவில்லை. கல்லீரல் இன்னொரு முறை தாங்காது என்று மருத்துவர் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் அவரே தோட்டத்தில் லெட்டூஸ் கீரையும் சிவப்பு முள்ளங்கியும் பறித்து வந்தார். "பெருசா பண்ணும்மா, வயிறு நிறையணும்" என்றார். கீரையைக் கையால் கிள்ளி, வெள்ளரி, முள்ளங்கி, வெங்காயத்தாள் எல்லாம் நறுக்கிப் போட்டேன். வினிகரும் எண்ணெயும் ஊற்றி, நாலு அவித்த முட்டையை அடுக்கி, மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டியைக் கீரை தெரியாத அளவுக்குத் துருவினேன்.

பிறகு அதை மட்டும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஆட்டுக்கறி அடுப்பில் இருந்தது. அம்மா செய்வதைப் பார்த்துப் பழகிய கை, அக்கா. நம் ஊரில் சாலட் தனியாக வந்தால் அதற்கு என்ன பொருள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறி வரும்வரை ஒரு மணி நேரம் அதைக் கொறித்துக்கொண்டு ராக்கியா குடிப்பார்கள். ரொட்டியையும் கறியையும் சேர்த்தே வைத்திருந்தால் அது வெறும் சாப்பாடாக இருந்திருக்கும். அப்பாவின் வலது கை தட்டுக்குப் பக்கத்தில், வழக்கமாகக் கண்ணாடிக் குவளை இருக்கும் இடத்துக்குப் போய், வெறும் மேசைவிரிப்பைத் தடவிவிட்டுத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நேனோ மாமா தன் பிளம் ராக்கியா பாட்டிலோடு வந்தார். "என்னடா ஸ்தோயில், வெறும் தழையைத் தின்ன நீ என்ன முயலா? பொண்ணு இவ்வளவு அழகா சாலட் வச்சிருக்கா, குவளை எங்கடா?"

"மருந்து சாப்பிடுறேன்டா."

"நானும் மருந்துதான் கொண்டாந்திருக்கேன்!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்வேன் எனக் காத்திருந்தார். அறுபத்தொரு வயது மனிதரை விருந்தாளி முன்னால் குழந்தை மாதிரி அடக்கக் கூடாது, அவர் முடிவை அவரே எடுக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு புத்தகம் படித்து நான் கற்றது அதுதான். இப்போது யோசித்தால், அது மரியாதை இல்லை. நேனோ மாமாவிடம் கெட்ட பெயர் வாங்கப் பயந்திருக்கிறேன். கறியைப் பார்க்கிறேன் என்று அடுக்களைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அப்பாவின் குவளை காலி. நேனோ மாமா இரண்டாவது ஊற்றிக்கொண்டிருந்தார். "சாலட் நல்லா இருக்கும்மா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்றும் குடித்தார். இன்று காலையும். நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. உன் பேச்சுக்கு அவர் கட்டுப்படுவார். பத்து நாள் விடுப்பு கேட்டுப் பார், அக்கா. முடியாவிட்டால் ஒரு முறை அழைத்து, அவர் குரலையாவது கேள். கடவுள் உன்னை நலமாக வைக்கட்டும்.

உன் தங்கை,
ரதோஸ்தினா

மே 12: அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இன்று காலை நான் நூலகத்துக்குப் போன பிறகு, அப்பா சவரக்கத்தியையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, தனியாகப் பேருந்தேறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே அழைத்துக் கேட்டேன், சேர்த்துக்கொண்டார்களாம். தகவல் சொல்ல உன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். இளைய மகள் பார்க்க வர வேண்டாம் என்று செவிலியிடம் சொல்லியிருக்கிறார்.