போன் சொன்ன 6.2

14 மே, செவ்வாய்

என் வீட்டுக்காரரின் பழைய போனில் சர்க்கரை பார்க்கும் செயலி ஓடவில்லை. பத்தாங் காலி போன் கடைக்காரர்தான் போனின் பூட்டை உடைத்து ஏற்றிக் கொடுத்தார். "ஜெயில்பிரேக் பண்ணிட்டேன்கா, இனி எல்லாம் ஓடும்லா." கையில் ஒட்டிய சென்சார் அளவைச் சொல்ல, பத்து நாளாக வீட்டுக்காரரின் விரலில் ஊசி குத்தவில்லை.

இன்று மாலை அவருக்கு வியர்த்துக் கொட்டியது. போனில் 6.2, நல்ல அளவு.

"போன் நல்லாருக்கேன்னு சொல்லுது, அப்புறம் ஏன் எனக்குக் கை நடுங்குது?"

குத்திப் பார்த்தேன். 3.1, ரொம்பக் குறைவு. தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

காலையிலும் அதே 6.2 தானே? இதை நம்பித்தான் ரவாங்கிற்கு வேலைக்குப் போய் வந்தேன். 

இப்போதும் போன் 6.2 என்கிறது. ஊசியோடு பக்கத்தில் போனேன். அவர் விரலை நீட்டி வைத்தபடியே தூங்குகிறார்.