பக்கத்தில் நின்றவன் பாடிய பாட்டு

மச்சான்,

ஒரு வெட்கக்கேட்டை முதலே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை காலை, பாரிஸ் லா சப்பலில் எங்கள் ஆட்களின் சலூனில், கழுத்தில் துணி கட்டிய கோலத்தில் இருந்து அழுதுவிட்டேன். பக்கத்துக் கதிரைக்காரருக்குத் தலைமயிர் நிமிர்ந்து நிற்க ஸ்பிரே அடித்தார்கள். அப்படியே உன் மணம்.

“என்ன அண்ணை, கண்ணுக்கை மயிர் விழுந்திட்டுதோ?” என்று சலூன்காரர் கேட்டார்.

“ஓம்” என்றேன். பாவம் மனுசன், ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து என் கண்ணை இன்னும் சிவப்பாக்கிவிட்டார்.

அந்த ஸ்பிரேயை நீ பாத்திரம் கழுவ வரும்போதும் அடித்துக்கொண்டு வருவாய். 2010இல் நான் அந்த உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று நீராவிக்குள் ஒரு மயிர்க் கோபுரம்தான் முதலில் தெரிந்தது. அதற்குக் கீழே நீ. கையில் கிடந்த நுரை காயுமுன் உன் இரண்டு இங்கிலாந்துப் பெடியன்களின் கதையைத் தொடங்கிவிட்டாய். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் உனக்குக் கிடைத்த ஒரேயொரு கசெற்றில் பாடியவர்கள். பள்ளிக்கூடச் சிநேகிதர். முதல் இசைத்தட்டை ஒருவரும் வாங்கவில்லையாம். பிறகு தொலைக்காட்சியில் ஒரு நாள் ஆடிப் பாட, நாடே திரும்பிப் பார்த்ததாம். கடைசியில், உச்சியில் நிற்கும்போதே கைகொடுத்துப் பிரிந்தார்களாம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். படித்திருந்தாலும் வேறொரு சரித்திரத்தையும் இவ்வளவு பாடமாக்கியிருக்க மாட்டேன்.

“ஒருத்தன் பாடுவான். மற்றவன் கிற்றாரோடை பக்கத்திலை நிப்பான்” என்றாய்.

“நிக்கிறதுக்கும் சம்பளமோ?”

“எடேய், அவன் இல்லாட்டிப் பாடுறவன் ஆரைப் பாத்துச் சிரிக்கிறது?”

நிற்கிற வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கு முந்தைய வருடம் ஊரில் போர் முடிந்த விதத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் பாட்டுக் கேட்கிற மனம் இருக்கவில்லை. பிறகு மெல்லக் கலியாணங்களும் சாமத்தியவீடுகளும் மண்டபங்களுக்குத் திரும்பின. நாங்களும் மேடை ஏறினோம். தோளில் பஞ்சு வைத்த இரண்டு வெள்ளைக் கோட்டு. உனக்கு மைக். எனக்கு வயர் இல்லாத கிற்றார். முன்வரிசை மாமிமார் முதல் பாட்டுவரை பொறுப்பார்கள். பிறகு ஒருவர் எழும்பி, “தம்பி, தமிழிலை ஒண்டும் தெரியாதோ?” என்று கேட்பார். அவருக்கும் கைகாட்டிவிட்டு அடுத்த ஆங்கிலப் பாட்டைத் தொடங்குவாய். சனம் மாப்பிள்ளை பொம்பிளையோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும், முதுகை எங்களுக்குக் காட்டியபடி. எங்கள் ரசிகர்களை முகத்தைவிட முதுகால்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வருடம் நீ ஒரு கிழமை பகிடிக்குச் சிரிக்கவில்லை. உனக்குப் பல்வலி என்றே நினைத்தேன். சட்டிகளுக்கு நடுவில் வைத்துத்தான் சொன்னாய்.

“லண்டனிலை ஒரு பெரிய குழு கேக்கினம்.”

“எங்களையோ?”

“என்னை.”

கையிலிருந்த சட்டியை நான் மூன்று தரம் தேய்த்தேன். அது முதல் தரமே வெளுத்துவிட்டது. “அப்ப போவன். உன்ரை பெடியளும் உச்சியிலை நிக்கேக்கைதானே பிரிஞ்சவை” என்றேன். குரல் கொஞ்சம் கீச்சிட்டது. நீராவி என்று சமாளித்தேன்.

நீ சிரிக்காமல் என்னைப் பார்த்தாய். “அவை ஸ்டேடியத்திலை பாடினவை. எங்களை ஓல்னே மண்டபத்திலை சோறு போட்டால் ஒரு குருவியும் பாக்காது. நாங்கள் இன்னும் ஏறவே இல்லை, எங்கை இருந்தடா பிரியிறது?”

நீ லண்டனுக்குப் போகவில்லை. நாங்களும் அதற்குமேல் ஏறவில்லை. முந்தின மார்கழியில் உன் நெஞ்சு நின்றபோதும் நாங்கள் பிரியாத சோடிதான். அந்த விடயத்தில் உன் பெடியன்களை வென்றுவிட்டோம்.

இப்போது சலூனுக்கு ஏன் போனேன் என்று சொல்கிறேன். அன்று உன் மகளுக்குக் கலியாணம். ஒரு மாதத்துக்கு முன் என் வீட்டுக் கதவடியில் வந்து நின்றாள். “சித்தப்பா, அப்பான்ரை பாட்டை நீங்கள் பாடவேணும். ‘நொன்’ சொல்லக்கூடாது.”

“பிள்ளை, நான் நிக்கிற ஆள்.”

“தெரியும். நிண்டுகொண்டு பாடுங்கோ.”

உன் வாய்தான் அவளுக்கு. ஒரு மாதமாக ஸ்தேன் போகிற பஸ்ஸில் உதடு அசைத்துப் பழகினேன். ஒரு பிரெஞ்சுக் கிழவி இருக்கை மாறினா. ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்திருந்தேன். எனக்குப் பயம் ஒன்றுதான். இதைக் கெடுத்தால், உன் பிள்ளையின் கலியாணத்தில் கெட்டது உன் பாட்டாக இருக்கும்.

பொண்டி நகர மண்டபம், மத்தியானம். நடுவில் மைக் வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பாடினேன், மச்சான். இரண்டாவது அடியில் குரல் வழிக்கு வந்தது. படத்துக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. முகங்கள். உன் மகள் மணவறைக் கதிரையில் இருந்து ஒரு சொல்லும் விடாமல் கூடப் பாடினாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். நீ சொன்னது சரி, பாடுகிறவனுக்கு ஓர் ஆள் வேண்டும். அதை இனி விடமாட்டேன். எங்கே பாடினாலும் சிரிக்க ஓர் ஆளை முதலில் பார்த்து வைப்பேன்.

பாடும்போதே பழக்கத்தில் என் கால் நடு இடத்தை உனக்கு விட்டு இரண்டடி இடப்பக்கம் போயிருக்கிறது. அங்கே ஐந்து தட்டுக் கேக் நின்றது. குனிந்து வணங்கியபோது என் பின்பக்கம் மேசையில் பட்டது. மேல் நான்கு தட்டும் கேக் அல்ல, ஐசிங் பூசிய வெறும் ரெஜிபோம் நுரைக்கட்டை என்பதால் உடையாமல் உருண்டன. ஒன்று மாப்பிள்ளையின் தாயாரின் மடியில் நின்றது. அவர் அதை எடுத்துத் திரும்ப அடுக்கினார், தலைகீழாக. படம் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது.