தள்ளிப்போட்ட மருந்து

மார்ச் 4
கல்லூரி நூற்றாண்டு மலரின் கடைசி மெய்ப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. வெளியீட்டு விழா பத்தொன்பதாம் தேதி, வெளியூரில். பதிப்பாசிரியர் என்று என்னையும் மேடையில் உட்கார வைப்பார்களாம். மாலையில்தான் உறைத்தது: அன்றுதான் என் மனைவிக்கு டிரிப் ஏற்றும் நாள். பெருங்குடல் அழற்சிக்கு எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிற மருந்து. அது வந்த பிறகுதான் ரத்தப்போக்கு நின்று, இவள் கழிவறை எங்கே இருக்கும் என்று யோசிக்காமல் வெளியே கிளம்புகிறாள்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்வரிசையில் இவள் முகம் இல்லாவிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். "சரி, சரி. மூஞ்சிய அப்படி வெக்காதீங்க. ஆஸ்பத்திரில கேளுங்க. தள்ளிப்போடலாம்னு சொன்னா வர்றேன்."

மார்ச் 5
போன் செய்தேன். எடுத்தது டிரிப் அறையின் தலைமைச் செவிலியர். இவள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஹெட்மாஸ்டர். "ம், சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டேன். நான் ஓய்வு பெற்ற நூலகர், அறுபத்தொன்பது வயது; ஒரு குரலுக்கு இத்தனை பயம்.

கூடத்துக்கு வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"பரவாயில்லையாம். ஊருக்குப் போயிட்டு வந்து ஏத்திக்கலாம்னாங்க."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. நாளை மறுபடி கூப்பிட்டு அதை உண்மையாக்கிவிட வேண்டும்.

மார்ச் 6
கூப்பிடவில்லை.

மார்ச் 20
விழா நன்றாகவே நடந்தது. இவள் நீலப் புடவையில் முன்வரிசையில் இருந்தாள். நான் தடுமாறாமல் பேசினேன். எல்லோரும் கை தட்டியபோது, இந்நேரம் இவள் கையில் ஊசி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 23
இன்று கூப்பிட்டுவிட்டேன். "அன்னிக்கு வரலையே, ஏன்?" என்றார் ஹெட்மாஸ்டர். வெளியூர் என்றேன். நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட்டன, ஏப்ரல் 27தான் கிடைக்கும் என்றார். யாராவது வராமல் போனால் முன்னதாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கலாம். "நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12
கழிவறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிறது. வெளியே வந்து, "வயசாச்சில்ல, எல்லாம் மெதுவாத்தான்" என்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. ரத்தமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே!

ஏப்ரல் 27
இன்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

டிரிப் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் இவள் கழுத்தெல்லாம் சிவந்தது. "மூச்சு முட்டுதுங்க" என்றாள். நான் எழுந்து நின்றேன் — நின்றேன், அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர்தான் ஓடி வந்து குழாயை அடைத்து, ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள்.

பிறகு டாக்டர் வந்தார். இடைவெளி நீண்டதால் உடம்பு மருந்தையே எதிரியாக எடுத்துக்கொண்டிருக்கலாம், இனி இதை ஏற்ற முடியாது என்றார். வேறு மருந்து இருக்கிறது, கேட்குமா என்று போகப் போகத்தான் தெரியும். கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை.

"தள்ளிப்போடலாம்னு யாரும்மா சொன்னது?"

"இங்கதான் சொன்னாங்க. இவர் போன் பண்ணிக் கேட்டாரே."

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்தார். "இந்த போனை நான்தாம்மா எடுப்பேன். நான் அப்படிச் சொல்லல."

"அப்ப எங்க வீட்டுக்காரர் பொய் சொல்றாருங்கிறீங்களா?" அத்தனை நோயாளிகள் முன்னால் கேட்டாள். "அவருக்குப் பொய்யே வராது" என்றும் சொன்னாள்.

செவிலியர் என்னைப் பார்த்தார். நான் இவள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 28
மேலிடத்துக்குப் புகார் எழுதச் சொல்கிறாள். "உங்களுக்குத்தான் அழகா எழுத வருமே. அந்தம்மாவை சும்மா விடக்கூடாது." காகிதம் முன்னால் உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்பது வரை வந்தது.

ஏப்ரல் 29
சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் இரண்டு துண்டுகளை மடித்தாள்.

"ஒரு போன்" என்றாள். "என்னைக் கேட்டிருந்தா நானே பேசியிருப்பேனே."

அப்புறம், "பொய்யே வராதுன்னு சொன்னேன்" என்றாள். கத்தியிருந்தால் தேவலை.

மே 5
புது மருந்தின் முதல் டிரிப். போனதும் இவள் நேராகச் செவிலியரிடம் போனாள். "சிஸ்டர், அன்னிக்குப் பேசினது தப்பு. இவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஒதுங்கி நின்றுவிட்டாள். அதே நோயாளிகள் பாதிப் பேர் இருந்தார்கள். சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும் சார்" என்றார். "இனிமே பயமா இருந்தா மெசேஜ் போடுங்க. அதுல என் குரல் கேக்காது." பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

ஜூன் 2
ரத்தம் இன்னும் நிற்கவில்லை. என்னிடம் சொல்லாமல் டாக்டரிடம் நேரே சொல்கிறாள்.

ஜூலை 9
மருந்து பிடித்துக்கொண்டது என்கிறார் டாக்டர். ரத்தம் நின்று பத்து நாள் ஆகிறதாம். எனக்கு அங்கேதான் தெரிந்தது. அறுவை சிகிச்சைப் பேச்சே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும் சாக்கில் அழுதேன்.

மாலையில் இருவரும் கூடத்தில் இருந்தோம். என்னிடம் பழையபடி பேசுகிறாள், தட்டில் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் ஜன்னல் பக்கம் இருந்தேன்.

"தூறுது. கொடியில துணி இருக்கு" என்றேன்.

எழுந்து வந்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, துணி எடுக்கப் போனாள்.