வேலியில்லாத கூடாரம்

அன்புள்ளவளுக்கு,

1. இதை எழுதுபவன் உன் கணவன், வழக்கறிஞன், நீ அண்ணன் வீட்டுக்குப் போன பின்னும் சுயபுத்தியோடு இருப்பவன்.

"உங்ககூட வந்தா சிங்கம்கூட முன்ஜாமீன் வாங்கிட்டுத்தான் எட்டிப் பார்க்கும்" என்று, பயணத்துக்கு நான் அடுக்கிய நிபந்தனைகளைக் கேட்டுச் சொல்லிவிட்டுப் போனாய்.

2. நீ ஆசைப்பட்ட ஆப்பிரிக்க வனவிலங்குப் பூங்காவில், வேலியில்லாத கூடாரத்தையே பதிவுசெய்துவிட்டேன். மிருகம் தாக்கினால் எவரும் பொறுப்பல்ல என்ற பத்திரத்தில் ஒரு சொல்லையும் திருத்தாமல் கையெழுத்திட்டேன். "ஐயா, உடம்பு சரியில்லையா?" என்றார் என் குமாஸ்தா.

நேற்று என் வாதத்தின் நடுவே, நீதிமன்றச் சன்னல்களுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கிகள் மிதந்து போயின; கடைசியாகப் போனது உன்னைப்போலத் திரும்பிப் பார்த்தது. நீதிபதியிடம் வாய்தா கேட்டேன்.

கூடாரத்தில் கட்டில் ஒன்றுதானாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. உனக்கு?

இப்படிக்கு,
உன் கணவன்

சாட்சிகள்:
குமாஸ்தா
இதைக் கொண்டுவரும் உன் அண்ணன்