காங்கோ வத்தாது, மச்சான்

சண்டைக்கும் பாசத்துக்கும் உரிய என் மச்சான் குணசேகரா,

நீ போய் பதினோரு மாசம் ஆச்சு. மூவுலகிலும் தோல்வியே அறியாத நான், நேற்று ஓர் ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் தோற்றுப்போனேன். உன் மகள் யாழினிதான்.

ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றங்கரையில் உள்ள கின்ஷாசா நகரத்தில் ஆறு வருஷம் மளிகைக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு நீ திரும்பிய சமயம், சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. "காங்கோ ஆறு கோடையிலயும் வத்தாது" என்றாய். கோடையில் வற்றிக் கிடக்கும் கெடிலம் ஆற்றின் நடுவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான், விடுவேனா?

"சித்திரையில எந்த ஆத்துல மச்சான் தண்ணி ஓடும்? புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

பந்தியே சிரித்தது. சாம்பார் வாளிக்காரர்கூட, "காங்கோக்காரருக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துறேன், வத்தாது" என்றார். நீ இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். அன்றிலிருந்து சொந்தத்தில் யார் கதை அளந்தாலும் "காங்கோ விடாதே"தான்.

பண்ருட்டியிலிருந்து லாரி அளவு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வந்தேன் என்று நான் சொன்னபோது, ஒருத்தராவது மறுத்தார்களா?

நேற்று யாழினி வந்தாள். "மாமா, பெரியம்மா வீட்டுல என்னை காங்கோ பொண்ணுன்னு கிண்டல் பண்றாங்க. அப்பா பொய் சொல்லுவாரா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேப்பை விரித்தாள்.

"தெக்கேருந்து வடக்கே போவுது, பூமத்திய ரேகையைத் தாண்டுது. வளைஞ்சு வந்து திரும்பத் தாண்டுது. அந்தப் பக்கம் மழை விட்டா இந்தப் பக்கம் ஊத்தும். அப்புறம் எப்படி மாமா வத்தும்?"

கண்ணாடியைப் போட்டு, விரலால் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அது வற்றவில்லை, மச்சான்.

இப்போது கேள்வியாக வருகிறது. கடலுக்குப் போக வேண்டிய ஆறு, முதலில் எதற்கு அவ்வளவு தூரம் வடக்கே போகிறது? கின்ஷாசாவுக்கு எதிர்க்கரையில் இன்னொரு நாட்டுத் தலைநகரமாமே, அங்கே துணி காய்வது உன் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியுமா? அன்றைக்கே கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பாயே. நான் ஏன் கேட்கவில்லை?

அடுத்த மாசம் உன் வருஷத் திதி. அதே சொந்தம் பந்தியில் உட்காரும். சாம்பார் வருவதற்கு முன்னால் எழுந்து நிற்பேன். யாழினி மேப்பைப் பிடித்துக்கொள்வாள். "குணசேகரன் சொன்னது நிஜம், புளுகினது நான்" என்பேன். பலாப்பழத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்வேன்.

அந்த ஆற்றில் நாய்ப் பல்லோடு ஒரு மீன் உண்டு என்று கை இரண்டையும் விரித்துக் காட்டினாயே? அதற்கு மேப்பைப் பார்க்கப் போவதில்லை. நம்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வசந்தியின் அண்ணன்,
இனி காங்கோ மாமா